காற்று எடுக்காத என்ஜின்



மணமகனை எதிர்கொள்ள விளக்கோடு போன பத்துத் தோழியர் உவமையை இப்போது கேட்டோம். அறிவிலிகள் ஐந்து பேரும் தூங்கியதால்தான் கெட்டார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மணமகன் வரத் தாமதமானபோது பத்துப் பேருமே தூங்கினார்கள், முன்மதியுள்ளவர்களும்தான். ஆண்டவர் தூக்கத்தைக் குறை சொல்லவில்லை. கைவசம் எண்ணெய் இல்லாமல் போனதே குறை.

எண்ணெய் தீர்ந்தால் என்ன ஆகும் என்பது இங்கிருக்கும் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். கரண்ட் வருவதற்கு முன் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிணறுகளில் ஆயில் என்ஜின்தான் தண்ணீர் இறைத்தது. பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் பெண் கொடுத்தவர்கள் அதன் தம்பியை வள்ளத்தில் பார்த்திருப்பீர்கள். இந்த என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காக அழுத்தும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடேறும். தூவிய டீசல் அந்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் இந்த வகை என்ஜின் ஒன்றை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். நம் மானாவாரிக் காட்டில் விளைகிற அதே கடலைதான்!

டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, ஹேண்டிலைப் போட்டுச் சுற்றி, பிளைவீல் வேகம் பிடித்ததும் லீவரை விட்டால் என்ஜின் ஓடும். ஆனால் டாங்க் வற்றும்வரை ஓட்டிவிட்டால் பைப்பில் காற்று புகுந்துவிடும். அதன்பிறகு டாங்க் நிறைய டீசல் ஊற்றுங்கள், நாலு பேர் மாற்றி மாற்றிச் சுற்றுங்கள், கைவலிதான் மிச்சம். மெக்கானிக் வந்து பில்டர் பக்கத்து ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்துவார். நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை பொறுத்திருந்து முடுக்குவார்.

வருடக்கணக்கில் கோவில் பக்கம் வராமல், மகளுக்குக் கல்யாண ஓலை வாசிக்கும் நேரத்தில் வந்து, "பூசை பார்க்கிறேன், செபமாலை சொல்கிறேன், மனசில் ஒன்றும் ஒட்டவில்லையே சாமி" என்பவர்கள் உண்டு. டாங்கை நிரப்பிவிட்டார்கள், காற்றை எடுக்கவில்லை. வரப்புத் தகராறில் தம்பியோடு பேச்சை நிறுத்தினீர்களே, அது அப்படியே உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்குப் பதிலாக மனைவி போய்ச் சமாதானம் பேச முடியாது. அந்த ஐவருக்கும் எண்ணெய் இரவல் கிடைக்கவில்லை, நினைவிருக்கட்டும்.

ராமேஸ்வரத்துக்காரர்களைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆனால் கரையில் வேலை ஓயாது. என்ஜினைப் பிரித்து, உப்பு அரித்ததை மாற்றி, நாசிலைச் சுத்தம் செய்து, புது ஆயில் ஊற்றி வைப்பார்கள். நடுக்கடலில் நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் விடுவதில்லை. நாமோ ஆன்மாவைச் சாவுப் படுக்கையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறோம்.

இன்னும் மூன்று வாரத்தில் திருவருகைக் காலம் தொடங்குகிறது. சனிக்கிழமை மாலை ஒப்புரவு அருட்சாதனத்துக்காக நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன். வருவதற்கு முன், பேச்சு நின்றுபோன அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.