கரையேறியவனும் கைகொடுத்தவனும்

வீடற்று, உற்றாரற்று, தெருவிலே வளர்ந்த ஒரு சிறுவன் கல்வியாலும் திடசித்தத்தாலும் பிற்காலத்தில் உயர்ந்து நிற்கும்போது, அவனை மெச்சுகிற உலகம் அந்த மெச்சுதலோடு ஒரு தீர்ப்பையும் சேர்த்துக்கொள்கிறது: அவனால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியவில்லை? ஊக்கமூட்டுவதுபோல் தோன்றும் இக்கேள்வி, கரையேறாதவர் தலையிலேயே பழியைச் சுமத்திவிட்டுச் சமூகம் தன் கடமையினின்றும் நழுவ இடந்தருவதால், அதன் நியாயத்தை ஆராய்தல் அவசியமாகிறது.

ரஷ்ய எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியின் இளமையைவிட இதற்குத் தக்க உரைகல் கிடைப்பது அரிது. 1868-இல் வோல்கா நதிக்கரையிலுள்ள நீஷ்னி நோவ்கொரோத் நகரில் பிறந்த அவர், தந்தையை வாந்திபேதிக்குப் பறிகொடுத்து, பிள்ளைப் பருவத்திலேயே தாயையும் இழந்து, இனி உன் பிழைப்பை நீயே பார்த்துக்கொள் என்று பாட்டனாரால் அனுப்பப்பட்டு, செருப்புக் கடையில் ஏவலாளாகவும் நீராவிக் கப்பலில் எச்சில் தட்டுக் கழுவுபவராகவும் நாட்களைக் கழித்தார். அக்கப்பலின் சமையற்காரர் ஸ்மூரி ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருந்தார். கழுவவேண்டிய பாத்திரங்களை வேறொருவனிடம் தள்ளிவிட்டு, சிறுவனைத் தம் அறையில் உட்காரவைத்து, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பது அவர் வழக்கம்.

அந்தச் சிறுவனின் உறுதி பின்னர் குன்றிவிடவில்லை. ஆயினும் பல்கலைக்கழகத்தில் பயிலும் ஆசையோடு 1884-இல் கசான் நகரம் சென்றவருக்கு அதன் கதவு திறக்கவில்லை. படகுத்துறையில் மூட்டை சுமந்தும், ரொட்டிக் கிடங்கில் மாவு பிசைந்தும் சோர்ந்தவர், 1887 டிசம்பரில், தமது பத்தொன்பதாம் வயதில், தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ள முயன்று தப்பிப் பிழைத்தார். அன்று மாண்டிருந்தால், உறுதியற்றவனென்று உலகம் அவரை ஒதுக்கியிருக்கும்! மறு ஆண்டு ரோமாஸ் என்பவர் அவரைக் கிராமத்திலிருந்த தம் கடைக்கு அழைத்துக்கொண்டு, வேலையும் படிக்கப் புத்தகமும் தந்தார். விழுந்தபோதும் எழுந்தபோதும் மனிதர் ஒருவரே. மாறியது அவரைச் சுற்றியிருந்த உலகம்.

கைகொடுத்தால் உறுதி தளர்ந்து சோம்பல் வளருமென்று அஞ்சுவோரும் உளர். அவ்வச்சத்தை அலட்சியம் செய்தல் தகாது. 1920-இல் உக்ரேன் நாட்டுப் பொல்தாவா நகரருகே, யுத்தத்தால் திக்கற்றுத் திருட்டில் விழுந்த இளைஞர்களுக்கு ஓர் இல்லம் நிறுவிய மகரெங்கோ, தம் அனுபவத்தைக் கதையாக்கி எழுதிய நூலில் இதற்கு விடை கூறியிருக்கிறார். அவ்வில்லத்திலிருந்த கரபானோவ் என்ற இளைஞனைக் குதிரையேற்றி, அலுவலகத்திலிருந்து 500 ரூபிள் வாங்கிவர அனுப்பினார். பணத்தோடு திரும்பியவன், எண்ணிப் பாருங்கள் என்று வற்புறுத்த, நீதான் எண்ணினாயே என்று சொல்லி, அவர் அதை எண்ணாமலே மேஜையறைக்குள் போட்டார். அந்த நம்பிக்கை அவனைத் தளர்த்தவில்லை. தண்டனை சுமத்தாத பாரத்தை அவன்மீது சுமத்தியது. கரபானோவ் என்ற அக்கதாபாத்திரத்துக்கு மூலமான இளைஞர் பிற்காலத்தில் தாமே ஆசிரியராகி, ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தார்.

ஆதலின் உறுதி அவனவன் சொத்து. அதை எவரும் தானமாக வழங்க இயலாது, அதன் புகழில் பங்கு கேட்கவும் கூடாது. புத்தகமும், அதைப் படிக்க ஒரு நாழிகை ஓய்வும், எண்ணிப் பாராத நம்பிக்கையுமோ பிறர் கொடுத்தாலன்றி வாரா. தெருவோரத்தில் உறங்கும் சிறுவனைப் பார்த்து, உனக்கு உறுதி உண்டா என்று கேட்கும் உரிமை, அவன் கையிலுள்ள எச்சில் தட்டை வாங்கி வைத்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தவனுக்கே உண்டு.