இரக்கம் எது, ஏமாற்று எது?



கண்டியை அடுத்து, ஹந்தானை மலையடிவாரத்தில் விளங்குகிறது பேராதனைப் பல்கலைக்கழகம். 1942இல் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் அதிகாரபூர்வமாக அங்கே இடம்பெயர்ந்தது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் பிரித்தானிய மரபிலே அதனை வளர்த்தார். அம்மரபில், கலாநிதிப் பட்டத்துக்குரிய பெருஞ்சோதனை இறுதியிலேயே வருகிறது: ஆய்வேட்டை எழுதி முடித்தபின் வாய்மொழிப் பரீட்சை.

அமெரிக்க மரபு வேறு. அங்கே பாடநெறிகள் முடிந்ததும், பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில், மாணவர் தம் துறை முழுவதையும் தழுவிய பரீட்சைக்குத் தோற்றவேண்டும். இந்தியாவின் ஐ.ஐ.டி.க்களிலும் இத்தகைய பரீட்சை உண்டு. சித்தியடைந்தோர் ஆய்வைத் தொடர்வர். மற்றையோர் பலர் முதுமாணிப் பட்டத்தோடு விலகுவர்.

இது கொடுமையன்றோ என்று கேட்பீர்கள். தோட்டத்து லயத்தில் பிறந்து, தாய் கொழுந்து பறித்த கூலியிலே படித்து உயர்ந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அவனை நடுவழியில் நிறுத்த யாருக்கு மனம் வரும்?

ஆயினும், தகுதி போதாதென்று அறிந்தும் இரக்கப்பட்டுச் சித்தியளிக்கும் பரீட்சகர் அவனுக்கு என்ன கொடுக்கிறார்? கொடுப்பதொன்றுமில்லை, அவனுடைய ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறார். அதே தீர்ப்பை அவன் பின்னர் கேட்பான். அப்பொழுது இளமை கழிந்திருக்கும், வேறு தொழிலுக்கான வாசலும் அடைபட்டிருக்கும். இறுதியிலும் யாரும் உண்மையைச் சொல்லாவிட்டால், அவனுடைய பட்டத்தை நம்பும் விவசாயியும் நோயாளியும் மாணவரும் அதன் விலையைச் செலுத்துவர். கலாநிதி என்ற சொல், பிறர் நம்புவதற்காகக் கொடுக்கப்படும் வாக்குறுதி அல்லவா?

ஆகவே, உண்மையைக் காலத்தோடு சொல்வதே இரக்கம். ஆனால் அதைச் சொல்லும் உரிமை இலகுவில் வருவதில்லை. எதை எதிர்பார்க்கிறோம் என்பதை முன்கூட்டியே அறிவித்திருக்கவேண்டும். தவறியவனுக்குக் காரணத்தை விளக்கி, மறுபடியும் தோற்ற வாய்ப்பளிக்கவேண்டும். ஒழுங்காகக் கற்பிக்காத ஆசிரியர் மாணவனைச் சோதிக்குமுன் தம்மையே சோதிக்கவேண்டும். "எனக்குத் தெரியாது" என்று நேர்மையாகச் சொல்பவனைப் பரிகசிக்கும் பரீட்சகர், பொய் சொல்லவே அவனுக்குப் பழக்குகிறார்.

இன்னொன்று: பரீட்சை ஒருவனுடைய ஆயத்தத்தை அளக்கலாம், மனிதனாக அவனுக்குள்ள மதிப்பை அளக்க எந்தப் பரீட்சைக்கும் அதிகாரமில்லை. விலகி வீடு வரும் பிள்ளையைத் தோற்றவன் என்று ஊர் தூற்றுமானால், நடுவழியில் உண்மை சொல்லும் துணிவு எந்த ஆசிரியருக்கும் வராது.

பெற்றோரே, அந்த வாசலைத் திறந்து வைத்திருப்பது உங்கள் கையில் இருக்கிறது.