அடுத்த புத்தகம்

வன்னிப் போரைப் பற்றிய தடித்த நாவல் ஒன்றை அண்மையில் வாசித்து முடித்தேன். பெயர் வேண்டாம். அட்டையில் புகழுரைக்குக் குறைவில்லை. உள்ளேதான் மனிசரைக் காணவில்லை. வன்னியின் தர்மபுரத்தில் நடக்கிற அத்தியாயம் ஒன்றில், மார்கழி மழைக்குள் பாலைப்பழம் பழுத்துக் கொட்டுகிறது. பாலை கோடையில்தான் பழுக்கும் என்பது எங்கள் ஊர்ச் சின்னப் பொடியனுக்கும் தெரியும். சரி, அதை விடுவோம்.

விட முடியாதது வேறொன்று. 2008 கடைசியில் கிளிநொச்சிச் சனம் போரால் இடம்பெயர்ந்து பரந்தன் – முல்லைத்தீவு வீதியெங்கும் நிறைந்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியும் தர்மபுரத்துக்குத்தான் வந்தது. அந்த மாதங்களில் சனத்தின் தலைக்குள் ஓடியது என்ன? கழற்றிய கூரைத்தகரத்தை ஏற்ற உழவு மெசின் கிடைக்குமா? தறப்பாளுக்குள் விறகு நனையாமல் எந்த மூலையில் வைக்கிறது? பங்கருக்கு மண்மூட்டை தைக்க எந்தச் சீலையை எடுக்கிறது? கூறைச்சீலையைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டுவதா விடுவதா என்று ஒரு தாய் யோசிக்கிற இடத்திலேயே ஒரு நாவல் இருக்கிறது. நான் வாசித்த புத்தகத்திலோ பக்கம் பக்கமாக அரசியல் பேசுகிறார்கள். ஒருத்தரும் உலை வைக்கவில்லை.

இப்படி ஒன்றில் ஏமாந்ததும், இனி ஈழத்து நாவலே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கடைச் சோறு பழுதென்று பட்டினி கிடக்கலாமா?

நான் அடுத்ததாக எடுத்தது அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. 1973இல் வீரகேசரி வெளியிட்ட சின்ன நாவல். சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. போர் வருவதற்கு முந்திய தண்ணிமுறிப்புக் கிராமம், சுற்றிக் காடு, கொஞ்சம் வயல், கதிராமன், பதஞ்சலி என்ற பாத்திரங்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டே மனுசர் ஓர் ஊரைக் கட்டியிருக்கிறார். 1984இல் தண்ணிமுறிப்புச் சனம் ஊரைவிட்டு வெளியேற வேண்டி வந்தது. அதை அறிந்துகொண்டு இந்தக் கதையை வாசித்தால் தொண்டை அடைக்கும். போர் எங்களிடமிருந்து எதைப் பறித்தது என்பதை, வெடிச்சத்தம் கேட்காத இந்த நாவல்தான் எனக்குக் கூடுதலாக விளங்கவைத்தது.

இல்லை, போரைத்தான் வாசிக்க வேண்டும் என்றால் தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ இருக்கிறது. 2013இல் வந்தது. வன்னி இடப்பெயர்வுக்குள் தானும் நடந்த ஒருவர் எழுதியது. அந்தக் கதையில், பேரப்பிள்ளைகளுக்கு இன்றைக்கு என்ன சாப்பாடு என்ற கவலை எறிகணைக்குள்ளும் விடாது.

‘நிலக்கிளி’யை வாங்கக்கூடத் தேவையில்லை. நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது; கையில் உள்ள தொலைபேசி போதும். முதல் இருபது பக்கத்தைப் பொறுமையாக வாசியுங்கள். பிடிக்கவில்லையா, கூச்சப்படாமல் மூடிவிட்டு வேறொன்றை எடுங்கள்.