உருகியது ஏன்?

டீசல் பிக்கப் வண்டியில் ஒரே ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்றால், குறை பெரும்பாலும் ஃபியூஸில் இல்லை. அது உருகி ஒயரைக் காப்பாற்றியிருக்கிறது; அதன் வேலையே அதுதான்.

அவசரத்தில் நாம் அதைத்தான் தண்டிக்கிறோம். 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு 30 ஆம்பியர் பச்சையைச் செருகுகிறோம். சிலர் செம்புக் கம்பியையே சுற்றிவிடுகிறார்கள். வண்டி ஓடும்தான். ஆனால் இனி சூடேறுவது ஒயர். தீப்பிடித்தால் வண்டியே போகும்.

காரணம் பல நேரம் மிகச் சின்னது. எஞ்சின் அதிர்வில் சேஸிஸ் விளிம்போடு உரசி உரசி மேலுறை தேய்ந்த ஒரு ஒயர். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் இரும்பைத் தொடும். மெக்கானிக் ஷெட்டில் நிறுத்திப் பார்த்தால் விலகி நிற்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். அதைக் கண்டுபிடிக்க அறிவைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

வீட்டில் அடிக்கடி வெடிக்கும் கோபத்தையும் இப்படித்தான் கையாள்கிறோம். கத்துகிறவரை வாயடைக்க வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். எங்கே உரசுகிறது என்று கேட்பதில்லை.

அடுத்த முறை ஃபியூஸ் போனால், அதே ஆம்பியர் உள்ளதையே போடுங்கள். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, அந்த ஃபியூஸிலிருந்து ஒயர் போகும் வழி முழுவதையும் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள்.