அடக்குதலும் மறைத்தலும்

சினமும் துயரமும் எழாத மனித உள்ளம் இல்லை. எழுந்தவற்றை வாய் திறவாமல் உள்ளேயே புதைத்து வைப்பதுதான் மன அடக்கமா? இஃது அறநெறியில் நிற்க விரும்புவோர் யாவரும் ஆராய வேண்டிய வினாவாகும்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாத்யூ லீபர்மன் குழுவினர் நிகழ்த்திய ஆய்வு 2007-ஆம் ஆண்டு வெளிவந்தது. சினமும் அச்சமும் தோன்றும் முகப்படங்கள் 30 பேருக்குக் காட்டப்பட்டன. அம்முகத்தின் உணர்ச்சிக்குரிய சொல்லை அவர்கள் தெரிந்தெடுத்தபோது, மூளையில் அச்சவுணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதியின் கிளர்ச்சி தணிந்தது. முன்மூளையின் ஒரு பகுதி மிகுதியாகச் செயற்பட்டது. ஆளுக்குரிய பெயரை மட்டும் தெரிந்தெடுத்தபோது அத்தகைய தணிவு காணப்படவில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஈதன் கிராஸ் குழுவினர் 2014-இல் மற்றொன்றை வெளியிட்டனர். தம்மை 'நான்' என்னாது, பிறரை விளிப்பதுபோல் பெயர் சொல்லித் தமக்குள் பேசிக்கொண்டவர்கள், அவையில் பேசும் வேளையில் கலக்கம் குறைந்து நின்றனர். நம்மாழ்வார் பெரிய திருவந்தாதியில் தம் நெஞ்சையே எதிரே நிறுத்தி விளிப்பதை அறிந்த அன்பர்களுக்கு இம்முறை புதிதன்று. ஆயினும் ஆழ்வாரின் நோக்கம் மன அமைதியளவில் நிற்பதன்று. எம்பெருமானை அடைதலே அது.

இனி, 'எனக்குச் சினம் வந்தது' என்று சொல்லிவிட்டால், சினத்தால் இழைத்த தீங்கு நீங்கிவிடுமோ? நீங்காது. உணர்ச்சிக்குப் பெயரிடுதல் வேறு. அதனை நியாயப்படுத்துதல் வேறு. தீங்கிழைத்தவன் புண்பட்டவரிடம் பொறுத்தருள வேண்டி நிற்றல் இன்றியமையாதது.

இலங்கையை விட்டு வந்து வானில் நின்ற விபீஷணன், தான் இராவணனுக்குத் தம்பி என்பதையும், அவனால் கடுஞ்சொல் கேட்டு இழிவுற்றதையும் ஒளிக்காமல் உரைத்ததாக வால்மீகி முனிவர் காட்டுகிறார். தன் மனப்புண்ணை வெளிப்படச் சொன்ன அவன், அப்புண்ணிலேயே தங்கிவிடவில்லை. அச்சொல்லைத் தொடர்ந்தே இராகவனைச் சரணம் புகுந்தான்.

அந்தர்யாமியாகிய பகவான் சொல்லாமலே யாவும் அறிவான். ஆதலால் சொல்வது அவனுக்கு அறிவிப்பதற்கன்று. சொல்வோன் தன்னை அறிவதற்கே. சந்நிதியில் நிற்கும் அன்பர், உள்ளே கனல்வது பொறாமையாயின் பொறாமை என்றும், துயராயின் துயர் என்றும் தமக்குத்தாமே மெய்யாகச் சொல்லிக்கொள்வாராக. தன்னிடமிருந்தே மறைத்து வைத்த ஒன்றை அவன் திருவடிகளில் எங்ஙனம் சமர்ப்பிக்க இயலும்?