எண்ணெய்க் குப்பியும் ஈரநெஞ்சமும்

கொல்லும் கருவியைக் கலைப்பொருளெனப் போற்றுதல் அறமாகுமா? பிறந்த மண்ணை விட்டுத் தலைநகரில் கோப்புகளோடு காலங்கழிக்கும் ஓர் எழுத்தனுக்கும் இவ்வினாவுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வியக்கலாம். என் வீட்டு அலமாரியில் விரல் நீளமே உள்ள பித்தளைக் குப்பியொன்று பல்லாண்டுகளாகக் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பணியாற்றிய என் பாட்டனார் கொண்டுவந்தது அது. படையிலிருந்து விடுபட்ட நாளில் அதனைத் திருப்பிச் செலுத்தியிருக்க வேண்டும், அரசுச் சொத்தல்லவா? அக்குற்றத்தை மன்னித்துவிட்டேன். ஆனால் அக்குப்பி எழுப்பிய வினாவிலிருந்துதான் என்னால் விடுபட இயலவில்லை.

லீ-என்ஃபீல்டு எனப்படும் .303 ரைபிளை நம் மூத்தோர் பலர் அறிவர். ஆங்கிலேயப் படை 1907இல் ஏற்றுக்கொண்ட அதன் மார்க் 3 வகை, வங்கத்தின் ஈசாப்பூர்த் தொழிற்சாலையிலும் உருவாயிற்று. அதன் அடிக்கட்டையின் முடிவில் ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் ஒரு சிறு கதவு. கதவுக்குப் பின்னே ஒரு பொந்து. எண்ணெய்க் குப்பியும், ஒரு முனையில் பித்தளைக் குண்டு கட்டிய துப்புரவுக் கயிறும் அப்பொந்தினுள் அடங்கியிருக்கும். இவையன்றித் தோள்வார், ஐந்து தோட்டாக்களை ஒருங்கே பற்றும் சார்ஜர் என்னும் தகடு, 17 அங்குல அலகுடைய பயனெட் என்னும் முனைக்கத்தி, அதன் உறை எனத் துணைப்பொருள்கள் இன்னும் பல.

இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் இவற்றைத் தேடித் திரட்டுவோர் உளர். எந்த ஆலையின் முத்திரை, எந்த ஆண்டின் வார்ப்பு என்று உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு ஆய்வர். ஈசாப்பூர் ரைபிளுக்கு ஈசாப்பூர் முத்திரையுடைய பயனெட்டே வேண்டுமென ஆண்டுக்கணக்கில் காத்திருப்பர். சிலர் பழைய தோள்வாரைப் பூட்டி, பழைய சார்ஜரால் தோட்டா நிரப்பி, தாளில் வரைந்த இலக்கை நோக்கிச் சுட்டும் மகிழ்வர். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ரைபிளை எளிதில் கைக்கொள்ள விடாது. ஆதலின் நம்மிடையே இத்தகைய பொருள்கள் பெட்டியடியில் கிடக்கும் நினைவுகளாகவே எஞ்சியுள்ளன.

திரட்டுவோர் தரப்பிலும் நியாயம் உண்டு. அவர்கள் எவரையும் துன்புறுத்துவதில்லை. அழியவிருந்த கைவினையைக் காக்கின்றனர். ஆயுத பூசையன்று தையல் எந்திரத்துக்கும் மிதிவண்டிக்கும் சந்தனமிடும் நாம், கருவியைப் போற்றுவது பிழை என்று எங்ஙனம் கூறுவது? அன்றியும், துணைப்பொருள் தானாகச் சுடுவதில்லையே. குப்பியின்மேல் பழி ஏது என்றும் கேட்பர்.

ஆயின் வரலாறு துணைப்பொருளை அத்துணை எளிதில் விடுவிப்பதில்லை. 1806இல் வேலூர்ச் சிப்பாய்களின் உள்ளம் கொதித்ததற்குப் புதிய தலைப்பாகையில் இணைத்த தோற்சின்னமும் ஒரு காரணம். 1857இல் புதிய என்ஃபீல்டு துப்பாக்கியைவிட, அதன் தோட்டா உறையில் பூசிய கொழுப்பே பெருந்தீயை மூட்டியது. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் ஐம்பது துப்பாக்கிகள் 1,650 தோட்டாக்களை உமிழ்ந்தன. மாண்டோர் 379 பேர் என அரசு கணக்கெழுதியது. மக்கள் கூறிய கணக்கு அதனினும் மிகுதி. அந்த .303 ரைபிள்களின் அடிக்கட்டைப் பொந்திலும் இத்தகைய குப்பிகள் இருந்திருக்கும்; அக்குழல்களையும் ஒருவன் முதல்நாள் துடைத்து எண்ணெயிட்டிருப்பான்.

மறுபுறமும் காண்போம். 1944இல் கோகிமா மலையில் ஜப்பானியப் படையைத் தடுத்து நின்ற வீரர் பலரின் கையில் இருந்ததும் இதே வகை ரைபிள்தான். ஒரே கருவி ஓரிடத்தில் காவலாயிற்று, ஓரிடத்தில் கொலையாயிற்று. எனவே கருவிக்குப் பழியும் இல்லை, புகழும் இல்லை எனலாம். ஆனால் அதற்கு வரலாறு உண்டு. அதனைக் கையில் வைத்திருப்பவன் அவ்வரலாற்றின் ஒரு பாதியை மட்டும் வைத்திருக்க உரிமையுடையவனா? நம் வினா இங்கே வந்து நிற்கிறது.

இவ்விடத்தே புறநானூற்று ஔவையார் நினைவுக்கு வருகிறார். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்று, காவலோடு திகழ்ந்த வேல்களைக் கண்டார். அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பன என்றார். புகழ்வது போன்ற இகழ்ச்சி அது. போர் விரும்பாத நமக்கு, ஓய்ந்து கிடக்கும் வேலே நன்று. எனினும் ஔவையின் கண் வேண்டும்: நெய்யின் பளபளப்பைக் கண்டு மயங்காமல், அவ்வேல் எங்கே போயிற்று, என் செய்தது எனக் கேட்கும் கண்.

சென்ற ஆண்டு ஆயுத பூசைக்கு என் மகள் அக்குப்பியைப் புளியிட்டுத் தேய்த்துப் பொன்போல் ஆக்கினாள். பின்பு, “அப்பா, கொள்ளுத்தாத்தா யாரையாவது சுட்டாரா?” என்று கேட்டாள். “தெரியாதம்மா” என்றேன். பாட்டனார் போரைப் பற்றி வாய் திறந்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. பெருமையாகக் காட்டி வந்த பொருள் அன்றுதான் என் கையில் கனத்தது.

அந்நாளைய ரைபிள் துப்புரவில் ஒரு முறை உண்டு. தோட்டாவைப் பற்றவைக்கும் கலவையிலிருந்து, சுட்டபின் ஒருவகை உப்பு குழலினுள் படியும். அது காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பைத் தின்னும். எண்ணெய் அவ்வுப்பைக் கரைக்காது. மேலே மூடி மறைக்கவே செய்யும். ஆதலால் வீரர்கள் புனல் வைத்துக் கொதிநீரை ஊற்றிக் குழலைக் கழுவுவர். உலர்ந்த பின்பே எண்ணெய் இடுவர்.

அறமும் இம்முறையைத்தான் வேண்டுகிறது எனக் கருதுகிறேன். பழம்படைப் பொருளைத் திரட்டுவது குற்றமன்று. கழுவாமல் எண்ணெயிடுவதே குற்றம். அப்பொருளால் மாண்டோரையும் அதனை ஏந்தி மாண்டோரையும் ஒருசேர நினைத்து நெஞ்சு நனைந்தவன் அதனை வைத்திருக்கலாம். விலையும் முத்திரையும் மட்டும் அறிந்தவன் துருவையே காத்து வைக்கிறான்.

குப்பியை நான் எறியவில்லை. ஒரு தாளில் பாட்டனார் பெயரும், அவர் பணியாற்றிய போர்முனையும், ஆண்டும் எழுதினேன். கீழே, “இதனோடு இருந்த துப்பாக்கி எவரைக் காத்தது, எவரைக் கொன்றது என்பது நாங்கள் கேளாமல் விட்டது” என்றும் எழுதி உடன் வைத்தேன். மகள் அதைப் படித்துவிட்டுத் தன் கையொப்பத்தையும் இட்டாள்.