ஒரு பகல் போதுமா?

ஒக்லாந்தில் இருக்கும் என் அக்கா குடும்பத்தோடு சுற்றுலாக் கப்பலில் போய்ச் சிட்னியில் ஒரு பகல் இறங்கினார். காலையில் இறங்கி மாலைக்குள் ஏறிவிட வேண்டும். பிள்ளைகள் முதல் நாளிரவே பார்க்கவேண்டிய இடங்களை எழுதி வைத்திருந்தார்கள். ஒரு பெருநகரத்தை ஒரு பகலில் பார்க்க முடியுமா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

கப்பல் நின்றது சேர்குலர் கீ துறையில். எதிரே 1973இல் திறந்த ஒப்பெரா ஹவுஸ், பக்கத்தில் 1932இன் பாலம். இறங்காமலே மேல்தட்டில் நின்று படமெடுத்துவிடலாம். கடிகால் மக்களின் நிலமாயிருந்த அந்தக் குடாவுக்குத்தான் 1788 ஜனவரி 26இல் ஆங்கிலேயர் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றத்தைத் தொடங்கினார்கள்.

பிள்ளைகள் பாலத்துக்குப் போக, அக்கா ரயிலேறி மேற்கே பெண்டில் ஹில்லுக்குப் போனார். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவரோடு படித்த சினேகிதி அங்கே இருக்கிறார். தேத்தண்ணி, கடலை வடை, பின்வளவில் குளிருக்குச் சாக்குச் சுற்றி வளர்த்த ஒரு முருங்கை. இடம்பெயர்ந்த காலத்தில் பிரிந்தவர்கள் இரண்டு மணித்தியாலம் கதைத்திருக்கிறார்கள். “மரத்தைக் காட்டேக்க அவள் அழுதிட்டாள்” என்றார் அக்கா. சிட்னி என்றால் இன்றைக்கும் அவர் முதலில் சொல்வது அந்த முருங்கையைத்தான். பட்டியலில் பாதி பார்க்காமலே கப்பலேறினார். என் கணக்கில் அவர்தான் சிட்னியைப் பார்த்தவர்.

அதே நாட்டைத் தேடிப் படகேறியவர்களையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. படகில் வருவோருக்கு அவுஸ்திரேலியாவில் குடியேற இடமில்லை என்று 2013 ஜூலையில் அந்த அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 தமிழரை நடுக்கடலில் மறித்து, ஏறக்குறைய ஒரு மாதம் சுங்கக் கப்பலிலேயே அடைத்து வைத்தார்கள். பிறகு நவுறுத் தீவுக்கு அனுப்பினார்கள். சின்னப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். இறங்கி ஒரு பகல் நடக்கக் கிடைப்பதே பெருங்கொடுப்பினை. அதை ஓட்டமாய் ஓடிக் கழிப்பது எனக்கு மனவருத்தம்.

எங்கள் ஊரான ஒட்டுசுட்டானும் ஒரு தரிப்பிடந்தான். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் வீதியில் தான்தோன்றீஸ்வரர் கோயில். போர் முடிந்த கையோடு தெற்கிலிருந்து பஸ்கள் வந்தன. புலிகளின் புதுக்குடியிருப்பு நிலவறையையும் முல்லைத்தீவுக் கரையில் கிடந்த கப்பலையும் பார்க்கப் போனவர்கள் எங்களையும் கடந்து போனார்கள். அந்த நிலவறையை 2013இல் இராணுவம் தகர்த்தது. இப்போது வருகிறவர்கள் எங்கள் சொந்தங்கள்: கனடா, லண்டன், மெல்பேண். வான் நிற்கும், செருப்புகள் குவியும், அர்ச்சனை முடியும், வீபூதி காயமுதல் வான் புறப்பட்டுவிடும். நேரம் போனால் நந்திக்கடலில் இருட்டிவிடும் என்பார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். லீவு குறைவு, பார்க்கவேண்டிய உறவு அதிகம்.

ஆனாலும் கோயில் வாசலில் கற்பூரம் விற்கிற ஆச்சி ஒவ்வொரு வானிடமும் கேட்கிறார், “எங்கையிருந்து மோனை வாறியள்?” பலரும் ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்துவிடுவார்கள். ஒருமுறை லண்டன் பிள்ளையொருத்தி நின்று, “நீங்க எப்பவும் இங்கதானா ஆச்சி?” என்று திருப்பிக் கேட்டாள். ஆச்சி பெட்டியைத் தள்ளி இடம்விட்டார். 2009இல் வளவைவிட்டு வெளிக்கிட்டது, செட்டிகுளம் முகாமில் தண்ணிக்கு வரிசையில் நின்றது, திரும்பி வந்தபோது கிணற்றடித் தென்னை மட்டும் நின்றது, எல்லாம் சொன்னார். தாய் வானிலிருந்து கூப்பிட்டும் அவள் எழும்பவில்லை. எந்த வழிகாட்டியாலும் அவளுக்கு அதைக் காட்டியிருக்க முடியாது.

பக்கத்துக் கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31இல் வன்னி மன்னன் பண்டாரவன்னியனை இங்கே தோற்கடித்தோம் என்று ஆங்கிலேயர் ஒரு கல் நாட்டினார்கள். அந்தக் கதையை வாசித்துவிட்டுப் போய்விடாதீர்கள். அங்கே வயல் செய்கிறவரிடம் வன்னியனைப் பற்றிக் கேளுங்கள். முத்தையன்கட்டுக் குளக்கட்டில் கொஞ்சம் நடவுங்கள், மீன்பிடிக்கிறவர்கள் கதைப்பார்கள். அடுத்த லீவுக்கு வருகிறவர்கள் வான்காரரிடம் முதலே சொல்லிவையுங்கள், ஒட்டுசுட்டானில் இரண்டு மணித்தியாலம் நிற்க வேண்டும் என்று.